அறிவியல் புனைவில் தொன்ம இராட்சதர்கள்

அறிவியல் புனைவில் தொன்ம இராட்சதர்கள் என்பது, பல்வேறு பண்பாடுகளின் தொன்மங்களில் இடம்பெறும் பேருருவம் கொண்டோரை, மனித இனம் தோன்றுவதற்கு முன்போ அதன் தொடக்க காலத்திலோ வாழ்ந்த பழமையான உயிரினங்களாக மாற்றிப் படைக்கும் கருப்பொருள் ஆகும். கிரேக்கத் தொன்மவியலின் டைட்டன்கள், நோர்சு தொன்மவியலின் யோத்துன்கள், எபிரேய விவிலியத்தின் நெபிலிம்கள் முதலியோர் இவ்வாறு எடுத்தாளப்பட்டுள்ளனர். புதினம், திரைப்படம், வரைகதை, அசைவூட்டத் தொடர் ஆகிய வடிவங்களில் இக்கருப்பொருள் காணப்படுகிறது. இவ்வாக்கங்களில் இராட்சதர்கள் வேற்றுலக உயிரினங்களாகவோ, மறைந்துபோன நாகரிகம் ஒன்றைச் சேர்ந்தோராகவோ, பழைய போர் ஒன்றின் உயிருள்ள ஆயுதங்களாகவோ காட்டப்படுகின்றனர்.

தொன்மங்களில் இராட்சதர் உருவத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் வேறுபட்டவர். அவர்கள் கடவுளருக்கும் மனிதருக்கும் முன்பே உலகில் இருந்தவர்கள். பின்னர் தோற்கடிக்கப்பட்டோ புதைக்கப்பட்டோ மறைந்தவர்கள். "நமக்கு முன் இங்கு இருந்தது யார்?" என்ற வினாவுக்குத் தொன்மம் அளித்த விடைகளுள் ஒன்றாக அவர்களைக் கொள்ளலாம். அறிவியல் புனைவு அவ்வினாவை அப்படியே வைத்துக்கொண்டு, விடையைப் படிவளர்ச்சி, மரபியல், விண்வெளிப் பயணம் ஆகியவற்றின் மொழியில் திருப்பி எழுதுகிறது.

சொற்பொருள்

தமிழில் அரக்கர், அசுரர், பூதம், இராட்சதர் ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய பொருளில் வழங்குகின்றன. இவற்றுள் அரக்கர் என்பது தீய இயல்பையும் அசுரர் என்பது தேவர்க்குப் பகையான குலத்தையும் முதன்மையாகக் குறிக்கின்றன. கும்பகருணன், கடோற்கசன் போன்றோர் பேருருவத்தாலும் அறியப்படுபவர்கள். இக்காலத் தமிழில் "இராட்சத அலை", "இராட்சத ராட்டினம்" என்றாற்போல், இராட்சத என்பது பேரளவைக் குறிக்கும் அடைமொழியாக வழங்குகிறது. இக்கட்டுரையில் இச்சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது. நன்மை தீமை குறித்த கருத்து எதனையும் அது சுட்டுவதில்லை.

தொன்ம மூலங்கள்

கிரேக்கப் புலவர் எசியோடின் தியோகொனி என்னும் நூலில், விண்ணாகிய யுரேனசுக்கும் மண்ணாகிய கையாவுக்கும் பிறந்த பன்னிரு டைட்டன்கள் கூறப்படுகின்றனர். அவர்களுள் ஒருவனான குரோனசு தன் தந்தையை வீழ்த்தினான். அவனை அவன் மகன் சியூசு வீழ்த்தினான். பத்தாண்டுப் போருக்குப் பின் டைட்டன்கள் தார்த்தரசு என்னும் ஆழத்தில் சிறை வைக்கப்பட்டனர். படைக்கப்பட்டோர் படைத்தோரை வீழ்த்தும் இவ்வமைப்பு, பிற்கால அறிவியல் புனைவில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது.

நோர்சு தொன்மவியலில் முதல் உயிர் ஈமிர் என்னும் இராட்சதன் ஆவான். ஓடினும் அவன் உடன்பிறந்தாரும் ஈமிரைக் கொன்று அவன் உடலைக் கொண்டே உலகைப் படைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் ஐசுலாந்து அறிஞர் இசுனோரி இசுதுர்லுசன் தொகுத்த உரைநடை எட்டாவின்படி, அவனது தசை நிலமாகவும், குருதி கடலாகவும், எலும்புகள் மலைகளாகவும், மண்டையோடு வானமாகவும் ஆயின.

எபிரேய விவிலியத்தின் தொடக்கநூல் 6ஆம் அதிகாரத்தில் நெபிலிம்கள் மிகச் சுருக்கமாகக் குறிப்பிடப்படுகின்றனர். அவர்கள் யார் என்பதை அப்பகுதி விளக்குவதில்லை. இச்சுருக்கமே பிற்காலத்தில் எண்ணற்ற விளக்கங்களுக்கும் புனைவுகளுக்கும் இடமளித்தது எனலாம்.

எலும்புகளும் கற்சுவர்களும்

இராட்சதர் பற்றிய நம்பிக்கைக்குப் பொருட்சான்று போலத் தோன்றியவை இரண்டு: பெரிய எலும்புகள், பெரிய கற்கள்.

கிரேக்கத்தின் மைசீனி, திரின்சு ஆகிய இடங்களில் உள்ள வெண்கலக் காலக் கோட்டைச் சுவர்கள் மிகப்பெரிய கற்களால் ஆனவை. அவற்றை மனிதர் கட்டியிருக்க இயலாது எனக் கருதிய பிற்காலக் கிரேக்கர், ஒற்றைக்கண் இராட்சதரான சைக்கிளோப்புகள் கட்டியதாக நம்பினர். இத்தகைய கட்டுமானம் இன்றும் "சைக்கிளோப்பியக் கட்டுமானம்" எனப்படுகிறது.

1613ஆம் ஆண்டு பிரான்சில் கிடைத்த பேரெலும்புகள் தியூட்டோபோக்கசு என்னும் பண்டைய மன்னனின் எலும்புகள் எனக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவை யானையின் உறவினமான டைனோதீரியம் என்னும் அற்றுப்போன விலங்கினுடையவை எனப் பின்னர் அறியப்பட்டது. 1914இல் ஆத்திரியத் தொல்லுயிரியலாளர் ஒத்தேனியோ ஏபெல், நடுநிலக்கடல் தீவுகளில் கிடைக்கும் குள்ள யானைகளின் மண்டையோடுகளே ஒற்றைக்கண் இராட்சதர் கதைக்குக் காரணமாகலாம் என்றார். யானை மண்டையோட்டின் நடுவிலுள்ள பெரிய மூக்குத் துளை, ஒரு கண்குழி போலத் தோற்றமளிக்கும். இதனை நேரடியாக உறுதிப்படுத்தும் பண்டைய எழுத்துச் சான்று இல்லை. எனினும், புதைபடிவங்களுக்கும் தொன்மங்களுக்கும் உள்ள தொடர்பை ஏட்ரியன் மேயர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

உண்மையில் வாழ்ந்த பேருருவ வாலில்லாக் குரங்கு ஒன்றும் அறியப்பட்டுள்ளது. 1935இல் ரால்ஃப் வான் கோனிக்சுவால்ட், ஆங்காங்கின் மருந்துக் கடைகளில் "டிராகன் பற்கள்" என விற்கப்பட்ட பற்களைக் கொண்டு சைகாண்டோபித்தேக்கசு என்னும் பேரினத்தை விவரித்தார். 1946இல் பிரான்சு வைடன்ரைக் இதனை மனித மூதாதையரோடு இணைத்து, மனிதரின் முன்னோர் இராட்சதர்களே என்னும் கருதுகோளை முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. இவ்விலங்கு ஒராங்குட்டானுக்கு நெருங்கியது என 2019இல் புரத ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முன் இது அற்றுப்போனதாக 2024இல் வெளியான ஆய்வு கணித்தது.

அளவின் இயற்பியல்

இராட்சதரை அறிவியல் புனைவில் கொண்டுவரும் எழுத்தாளர் எதிர்கொள்ளும் முதல் தடை, உடலளவு பற்றிய இயற்பியல் விதியாகும். ஓர் உடலின் எல்லா நீளங்களும் 10 மடங்கானால், அதன் பரப்பு 100 மடங்காகும். கனவளவு 1000 மடங்காகும். கலிலியோ 1638இல் வெளியிட்ட இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூலில் இதனை எலும்புகளுக்குப் பொருத்திக் காட்டினார்.

எடுத்துக்காட்டாக, 1.8 மீட்டர் உயரமும் 70 கிலோகிராம் எடையும் உள்ள ஒருவரை அதே உடலமைப்புடன் 18 மீட்டராக உயர்த்தினால் எடை 70 டன்னாகும். ஆனால் தொடையெலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்கே பெருகுவதால், எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். 1926இல் ஜே. பி. எசு. ஆல்டேன் எழுதிய கட்டுரையொன்று, இத்தகைய இராட்சதன் அடியெடுத்து வைத்ததும் தொடையெலும்பு முறிந்துவிடும் என விளக்குகிறது. உடல் வெப்பம் தோலின் வழியே வெளியேறுவதும் இதே காரணத்தால் கடினமாகும். மிகப்பெரிய தரைவாழ் தொன்மாக்கள் நான்கு தூண் போன்ற கால்களையும், காற்றறைகள் கொண்ட முதுகெலும்புகளையும் பெற்றிருந்தன. மனித உருவை அப்படியே பெரிதாக்கினால் அது நிற்காது.

புனைவெழுத்தாளர்கள் இத்தடையைப் பின்வரும் வழிகளில் கடந்துள்ளனர்:

- உயரத்தைச் சிறிதளவே கூட்டுதல். புரோமித்தியசு திரைப்படத்தின் "பொறியாளர்கள்" இவ்வகையினர்.
- உடலை இயல்புக்கு மாறாக எடை குறைந்ததாகக் காட்டுதல். அசிமே இசயாமாவின் சிங்கெக்கி நோ கியோசின் (2009–2021) என்னும் சப்பானிய வரைகதையில், வெட்டப்பட்ட இராட்சத உறுப்புகள் எதிர்பாராத அளவுக்கு இலேசாக இருப்பதை ஆய்வாளர் ஒருவர் கண்டறிகிறார். இக்கதையின் முதல் இராட்சதப் பெண்ணின் பெயர் ஈமிர் என்பதும் குறிப்பிடத்தக்கது.
- எடையே தடையாகாத விண்வெளியில் வைத்தல். சான் வார்லியின் டைட்டன் (1979) புதினத்தில், கையா என்பது சனிக் கோளைச் சுற்றிவரும் சக்கர வடிவப் பேருயிர். அதன் உள்ளே வேறு உயிரினங்கள் வாழ்கின்றன.
- பேருருவத்தை உடலிலிருந்து காலத்துக்கும் கட்டடங்களுக்கும் மாற்றுதல். லவ்கிராஃப்டின் வழி இதுவே.

தொடக்ககால ஆக்கங்கள்

வோல்தேரின் மைக்ரோமெகாசு (1752) இராட்சதனைத் தொன்மத்திலிருந்து வானியலுக்குக் கொண்டுவந்த முன்னோடி ஆக்கமாகும். சீரியசு விண்மீனின் கோளொன்றிலிருந்து வரும் இதன் நாயகன் 1,20,000 அடி உயரமுள்ளவன். அவனது உலகம் புவியைவிட எத்தனை மடங்கு பெரியது என்பதையும் ஆசிரியர் கணக்கிட்டுக் கூறுகிறார். இக்கணக்கு அங்கதத்துக்காகச் செய்யப்பட்டதே. ஆயினும், இராட்சதனின் அளவுக்குச் சாபமோ வரமோ காரணமாகக் காட்டப்படவில்லை. அவன் வாழும் கோளே காரணமாகக் காட்டப்படுகிறது.

எச். ஜி. வெல்சின் கடவுளரின் உணவு (1904) என்னும் புதினத்தில், அறிவியலாளர் இருவர் உருவாக்கும் உணவுப்பொருள் இராட்சதக் குழந்தைகளைத் தோற்றுவிக்கிறது. இங்கு இராட்சதர் கடந்த காலத்தவர் அல்லர், எதிர்காலத்தவர் ஆவர்.

எச். பி. லவ்கிராஃப்டின் பைத்திய மலைகளில் என்னும் குறும்புதினம் 1931இல் எழுதப்பட்டு, 1936இல் அசுடவுண்டிங் இதழில் தொடராக வெளிவந்தது. அந்தாட்டிக்காவுக்குச் செல்லும் ஆய்வுக் குழு, மனிதருக்கு மிக முற்பட்ட நகரமொன்றைப் பனிக்கடியில் காண்கிறது. அதனைக் கட்டிய வேற்றுலகினர் மனிதரைவிடப் பன்மடங்கு பெரியவர்கள் அல்லர். ஆனால் அவர்களது நகரம் சைக்கிளோப்பியக் கட்டுமானமாக வருணிக்கப்படுகிறது. அவர்களது வரலாறு கோடிக்கணக்கான ஆண்டுகள் நீள்கிறது. புவியின் உயிர்கள் அவர்களது ஆய்வின் துணை விளைவாகத் தோன்றியவை என்ற குறிப்பும் கதையில் உண்டு. அவர்கள் உருவாக்கிய அடிமை உயிர்களான சோகோத்துகள் அவர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுகின்றன. டைட்டன் போரின் அமைப்பே இங்குத் தலைமுறைகளுக்குப் பதில் உயிரினங்களுக்கிடையே நிகழ்கிறது.

மறுஆக்கத்தின் வகைகள்

படைத்தோராக இராட்சதர்

சாக் கிர்பி 1976இல் மார்வெல் நிறுவனத்துக்காக எழுதி வரைந்த எட்டர்னல்சு வரைகதையில், செலசுடியல்கள் என்னும் கவசமணிந்த விண்வெளி இராட்சதர்கள் புவியின் தொடக்ககால மனிதக் குரங்குகளைக் கொண்டு சோதனை செய்கின்றனர். அதிலிருந்து மனிதர், எட்டர்னல்கள், டிவியண்டுகள் என்னும் மூன்று இனங்கள் தோன்றுகின்றன. பின்னொரு காலத்தில் திரும்பி வரும் அரிசெம் என்னும் செலசுடியல், 50 ஆண்டுகள் அசையாமல் நின்று மனித இனத்துக்குத் தீர்ப்பளிக்க இருக்கிறான்.

இக்கதையில் டிவியண்டுகளின் தாயகம் கடலில் மூழ்கிய இலெமூரியா ஆகும். இலெமூரியா என்னும் பெயர், மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் ஒற்றுமையை விளக்க 1864இல் விலங்கியலாளர் பிலிப்பு சிகிலேட்டர் முன்வைத்த கருதுகோளிலிருந்து வந்தது. தட்டுப் புவிப்பொறைக் கட்டமைப்புக் கோட்பாடு ஏற்கப்பட்ட பின் அக்கருதுகோள் தேவையற்றதாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் தமிழ் எழுத்தாளர் பலர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்து எழுதினர். அறிவியல் கருதுகோள் ஒன்று கைவிடப்பட்ட பின்னும் கதையாகத் தொடர்வதற்கு இது ஒரு சான்று.

2021இல் குளோயி சாவ் இயக்கிய எட்டர்னல்சு திரைப்படத்தில், தியாமுத் என்னும் செலசுடியல் புவிக்குள் கருவாக வளர்கிறான். அவன் பிறந்தால் புவி அழியும். பிறப்பு பாதியில் தடுக்கப்பட, கல்லாகிப்போன அவன் தலையும் கையும் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் எஞ்சி நிற்கின்றன. ஈமிர் இறந்து உலகமானான். இங்கு உலகம் இறந்து இராட்சதன் பிறக்க வேண்டியிருந்தது. கொல்லப்பட்ட இராட்சதனின் உடல் மூலப்பொருளாவதும் தொடர்கிறது: 2025இல் வெளியான கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்டு படத்தில் அவ்வுடலில் கிடைக்கும் உலோகத்துக்காக நாடுகள் போட்டியிடுகின்றன.

ரிட்லி இசுகாட்டின் ஏலியன் (1979) திரைப்படத்தில், கைவிடப்பட்ட விண்கலமொன்றில் இருக்கையோடு இறுகிக் கிடக்கும் இராட்சத விமானியின் எச்சம் சிறிது நேரமே தோன்றுகிறது. புரோமித்தியசு (2012) அவ்வெச்சத்துக்கு விளக்கம் அளிக்கிறது. "பொறியாளர்கள்" எனப்படும் உயரமான வெளிறிய உயிரினத்தின் மரபணு மனித மரபணுவோடு பொருந்துகிறது. அவர்களே மனிதரைத் தோற்றுவித்து, பின்னர் அழிக்கவும் முடிவு செய்தவர்கள். மனிதருக்காக நெருப்பைத் திருடிய டைட்டனின் பெயர் இங்குக் கப்பலுக்குச் சூட்டப்பட்டுள்ளது. மனிதர் உருவாக்கிய டேவிட் என்னும் எந்திரன், ஏலியன்: கவனன்ட் (2017) படத்தில் பொறியாளர்களின் நகரொன்றை அழிக்கிறான்.

முதற்குடிகளாக இராட்சதர்

ரோசர் செலாசினியின் லார்ட் ஆஃப் லைட் (1967) புதினத்தில், வேற்றுக் கோளொன்றில் குடியேறிய மனிதர் தொழில்நுட்பத்தின் துணையால் இந்துக் கடவுளரின் பெயரும் ஆற்றலும் பூண்டு ஆள்கின்றனர். அக்கோளின் முந்தைய உயிர்களான ஆற்றல் வடிவினர் "இராட்சதர்" எனப் பெயரிடப்பட்டு, சிறையில் பூட்டப்படுகின்றனர். தொன்மத்தில் வேள்வியைக் குலைக்கும் பகைவராக வருவோர், இங்குத் தம் நிலத்தை இழந்த பூர்வ குடிகளாகக் காட்டப்படுகின்றனர். 1968இல் இப்புதினம் இயூகோ விருது பெற்றது. வென்றவர் கூறிய கதையில் தோற்றவர் அரக்கர் ஆவர் என்னும் வாசிப்புக்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

தோர் (2011) திரைப்படத்திலும் பனி இராட்சதர்கள் தமக்கென உலகும் அரசும் கொண்ட இனமாக வருகின்றனர். நோர்சு மூலத்தில் லோகியின் தாயாகிய லௌபே, இங்கு அவன் தந்தையும் இராட்சத மன்னனும் ஆக்கப்பட்டுள்ளார். வெற்றி பெற்றோரின் அரண்மனையில் வளர்ந்த லோகி, தான் தோற்ற இனத்தின் மகன் என அறிவதே படத்தின் மையச் சிக்கல்.

மனிதர் செய்த இராட்சதர்

அயாவோ மியாசாக்கியின் நௌசிகா (1984) திரைப்படத்தில், உலகை ஏழு நாட்களில் எரித்த இராட்சதப் போர்வீரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் தொன்மமாக நினைவுகூரப்படுகின்றனர். ஆனால் அவர்கள் பழைய தொழில்நுட்ப நாகரிகம் உருவாக்கிய உயிர் ஆயுதங்கள். புதிய தலைமுறை மண்ணிலிருந்து அவர்களுள் ஒருவனை எடுத்து மீண்டும் உயிர்ப்பிக்க முயல்கிறது.

நியான் செனிசிசு இவாஞ்செலியன் (1995–1996) தொடரில், அந்தாட்டிக்காவில் ஆதாம் என்னும் ஒளி இராட்சதன் கண்டெடுக்கப்படுகிறான். அவனைக் கையாளும் முயற்சி பேரழிவில் முடிகிறது. மனிதர் ஓட்டும் இவா எந்திரங்கள் உண்மையில் எந்திரங்கள் அல்ல, கவசத்தால் கட்டுப்படுத்தப்பட்ட உயிர்கள் எனப் பின்னர் தெரியவருகிறது. இவ்வகை ஆக்கங்களில் "நமக்கு முன் இருந்தது யார்" என்ற வினாவுக்கு விடை, "நாமே" என்பதாக அமைகிறது.

புனைவும் போலி அறிவியலும்

இக்கருப்பொருள் புனைவின் எல்லையைத் தாண்டி உண்மைச் செய்தியாகவும் பரப்பப்பட்டுள்ளது. 1869இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள கார்டிஃபில் சுமார் 3 மீட்டர் நீளமுள்ள "கல்லாகிய மனிதன்" தோண்டியெடுக்கப்பட்டான். ஏராளமானோர் கட்டணம் செலுத்திப் பார்த்தனர். அது சிப்சத்தில் செதுக்கி முன்கூட்டியே புதைக்கப்பட்ட சிலை என்பது அவ்வாண்டிலேயே வெளிப்பட்டது.

1968இல் எரிக் வான் டேனிக்கன் வெளியிட்ட நூல், பண்டைய கடவுளர் வேற்றுலகிலிருந்து வந்தோர் எனக் கூறியது. கிர்பியின் வரைகதை இக்கருத்தைக் கதையாகவே கையாண்டது. வான் டேனிக்கனோ அதனை வரலாறாக முன்வைத்தார். தொல்லியலாளர்கள் இதனை ஏற்பதில்லை. பெரிய கட்டடங்களைப் பண்டைய மக்கள் கட்டியிருக்க இயலாது என்னும் முற்கோள், அம்மக்களின் உழைப்பையும் பொறியியல் அறிவையும் மறுப்பதாகும் என்பது இதன் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. மைசீனிச் சுவரைச் சைக்கிளோப்புகளுக்கு உரியதாக்கிய பழைய நம்பிக்கையும் அதைக் கட்டிய மனிதரை இவ்வாறே மறைத்தது.

2002இல் இணையப் படத்தொகுப்புப் போட்டி ஒன்றுக்காக, மாசுடோடன் எலும்புகள் அகழப்பட்ட இடத்தின் ஒளிப்படத்தில் மனித எலும்புக்கூட்டை இணைத்து ஒரு படம் உருவாக்கப்பட்டது. அது மின்னஞ்சல் வழியே உண்மைக் கண்டுபிடிப்பாகப் பரவியது. சில நாடுகளில் அது விவிலியம், குர்ஆன் கூறும் பழைய இனத்தாரின் எலும்பு எனவும், இந்தியாவில் மகாபாரதக் கடோற்கசனின் எலும்பு எனவும் கூறப்பட்டது. 2007இல் இந்திய மாத இதழ் ஒன்று இதனை உண்மையென வெளியிட்டு, பின்னர் மறுப்பு வெளியிட்டது. ஒரே படம் ஒவ்வோரிடத்திலும் அங்குள்ள தொன்மத்தின் பெயரைப் பெற்றது கவனிக்கத்தக்கது. தலைகீழாக, அந்தந்தத் தொன்மத்தை மெய்ப்பிக்க விரும்பியோர் படத்தின் மூலத்தைத் தேடவில்லை.

இத்தகைய செய்திகளை ஆராய அளவின் இயற்பியலே எளிய கருவியாகும். படத்திலுள்ள எலும்புக்கூடு மனித எலும்புக்கூட்டின் அதே விகிதத்தில் பல மடங்கு பெரிதாக்கப்பட்டிருந்தால், அத்தகைய உடல் புவியில் நின்றிருக்க இயலாது. உண்மையான பேருருவ விலங்கின் கால் எலும்பு, நீளத்தோடு ஒப்பிடுகையில் மிகத் தடித்து இருக்கும்.

வானியலில் பெயர்கள்

இராட்சதரின் பெயர்கள் வானியலிலும் வழங்குகின்றன. கிறித்தியான் ஐகன்சு 1655இல் கண்டறிந்த சனியின் மிகப்பெரிய துணைக்கோளுக்கு டைட்டன் என்னும் பெயரை 1847இல் சான் எர்செல் முன்மொழிந்தார். சனியின் தொலைவிலுள்ள ஒரு தொகுதித் துணைக்கோள்கள் நோர்சு இராட்சதரின் பெயர்களைத் தாங்குகின்றன. அவற்றுள் 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஈமிரும் ஒன்று. தொன்மத்தில் மண்ணுக்கடியில் சிறைவைக்கப்பட்ட டைட்டன்களின் பெயரை, இன்று மனிதர் வானில் தேடிக் காணும் உலகம் ஒன்று பெற்றுள்ளது.